அன்னோன் என்று நான் எழுதாத கடிதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். நோட்டு வாங்குவேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சுழியோடு நின்றுபோன நோட்டுகள் மட்டும் ஈசூன் வீட்டு அலமாரியில் நான்கு கிடக்கின்றன. பயத்தால் அல்ல. ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் பெயர் என் வாயிலிருந்து வரக் கூடாது. போன வருஷம் அவர் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மார்சிலிங்கில் இருக்கும் அவர் மகளிடம் போய்க் கேட்டேன். “எழுதுங்க மாமா. அப்பாவோட ரெண்டு பேரையும் போட்டே எழுதுங்க” என்றாள். ஆகவே இந்த ஐந்தாவது நோட்டில் சுழிக்குக் கீழேயும் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வு பெற்ற தபால்காரர்கள் சிலர் வருஷத்துக்கு ஒரு தடவை லிட்டில் இந்தியாவில் கூடி வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவோம். இந்தத் தடவை இப்போது வேலையில் இருக்கும் ஒரு தம்பியும் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“அங்கிள், உங்க காலத்துல ஒரு போஸ்ட்மேன் லெட்டரைப் பிரிச்சுப் படிச்சு, ஒரு ஃபேமிலியையே சேர்த்து வச்சாராமே? அவரோட சூப்பர்வைசர் அழுதுக்கிட்டே மன்னிச்சு விட்டுட்டாராம். நெஜமா லா?”

“யாரு தம்பி சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. படமே எடுக்கலாம் அங்கிள்.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியை வைத்துவிட்டேன். அந்தப் போஸ்ட்மேன் நான்தான். நான் கடிதத்தைப் பிரிக்கவில்லை. என் சூப்பர்வைசர் அழவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நான் செய்த குற்றம் வேறு. அதை நான் மறைக்கப் போவதில்லை. அதற்காக வருந்தப் போவதும் இல்லை.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். ஆங்கிலம் மாலை வகுப்பில் ஒட்டவைத்துக்கொண்டது. தபால் இலாகாவில் சேர்ந்தபோது ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நடக்கக் கற்றேன், பையைத் தோள் மாற்றக் கற்றேன், நாய்க்கு முதுகைக் காட்டாமல் பின்வாங்கக் கற்றேன். அதற்கு மேல் அந்த ஆறு வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மெய்யான பயிற்சி, என் சூப்பர்வைசர் திரு. செல்வத்துரையின் மேசைக்கு முன்னால் நடந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரில் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. மேசையில் மூன்று நீலப் பென்சில்கள் சீவி ஒரே நீளத்தில் கிடக்கும். ஒன்று குட்டையானால் மற்ற இரண்டையும் அதே அளவுக்குச் சீவுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. எங்களை ‘நீர்’ என்பார். அந்த ஒற்றைச் சொல்லில் மரியாதையும் இருக்கும், கையெட்டாத தூரமும் இருக்கும்.

முதல் நாள் ஒரு தாளில் ஐந்து ஆங்கில வார்த்தைகளை எழுதிக் கொடுத்தார். சேர்க்க முடியாத கடிதத்தின் இடதுபக்க மேல் மூலையில் எழுத வேண்டிய வார்த்தைகள் அவை. ஆள் இடம் மாறியிருந்தால் ஒன்று, வாங்க மறுத்தால் ஒன்று, இறந்துவிட்டால் ஒன்று, விலாசம் போதாவிட்டால் ஒன்று. ஐந்தாவது, ‘அன்னோன்’.

“அன்னோன் எண்டால் என்ன?” என்று கேட்டார்.

“தெரியாதவர், சார்.”

“தெரியாதவர் இல்லை காணும். அறியப்படாதவர். உமக்குத் தெரியேல்லை எண்டு நாங்கள் எழுதுறேல்லை. அப்பிடி எழுதினால் பிழை உம்மில வந்திடும். அந்த ஆளை ஒருத்தரும் அறியினம் இல்லை எண்டு எழுதுறம். விளங்குதோ?”

விளங்கியது என்று தலையாட்டினேன். அன்று விளங்கவில்லை. விளங்கியபோது அந்த வார்த்தை மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஒரு பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் குணத்தைச் சொல்கிற வார்த்தை அது. சிவப்பு என்றால் பூவின் குணம். புளிப்பு என்றால் மாங்காயின் குணம். அன்னோன் என்றால் யாருடைய குணம்? அந்த மனிதருக்கு அம்மா இருக்கிறாள், பெண்டாட்டி இருக்கிறாள், கூடச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்தவரை, எனக்குத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அறியப்படாதவர் என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரிப் பிணவறைச் சீட்டில் அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில், கால்வாயில் கிடந்த மனிதருக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். செத்தவருக்குப் போடுகிற வார்த்தையை உயிரோடு இருப்பவருக்கு நான் ஒரு நாளில் ஐந்தாறு தடவை போட்டிருக்கிறேன். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதி, கீழே என் முதலெழுத்தும் நான் தபால் கொடுக்கும் வட்டாரத்தின் பீட் நம்பரும் போட்டால் முடிந்தது.

நடைமுறை இதுதான். திரும்பிய கடிதங்களை அன்று மாலையே ஒப்படைக்க வேண்டும். ஒரு கடிதம்கூட ராத்திரி தபால்காரன் கையில் தங்கக் கூடாது. செல்வத்துரை ஒவ்வொருவர் பையையும் தாமே வாங்கி, தலைகீழாகப் பிடித்து மூன்று தடவை உதறுவார். பிறகு உள்ளே கையை விட்டுத் தையலோரம் தடவிப் பார்ப்பார். கடிதத்தை வைத்துக்கொண்டவனுக்கு வேலை போகும். பிரித்தவனுக்குச் சிறை. இதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

என் பீட் சிராங்கூன் ரோட்டின் ஒரு பக்கமும், உள்ளே போகும் சந்துகளும். அங்கே விலாசம் என்பது சுவரில் இருக்கும் நம்பர் அல்ல. ‘தேக்கா மார்க்கெட் எதிரே, காதர் பாய் கடையில் கேட்கவும்’ என்று ஊரிலிருந்து எழுதுவார்கள். கடையில் கேட்டால் ஆளைக் கைகாட்டுவார்கள். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, சிரித்துக்கொண்டே கொடுப்பேன். மூலையில் கறுப்பு மை இருந்தால், வாங்குகிறவர் உட்கார ஓர் இடம் பார்த்துவிட்டுக் கொடுப்பேன். இதெல்லாம் செல்வத்துரையின் தாளில் இல்லாத பாடம்.

ஐம்பதுகளின் நடுவில், தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்த அன்று, என் தபால் கட்டுக்குள் ஓர் ஏர்மெயில் கடிதம் வந்தது. ‘மு. வேலாயுதம், மாவு மில் சந்து, சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்’ என்று ஆங்கிலத்தில் யாரோ விலாசம் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, இருந்த கொஞ்ச இடத்தில், எழுதிப் பழகாத கையெழுத்தில் தமிழில் நான்கு வரி:

‘தபால்கார அய்யாவுக்கு. இரண்டு தடவை கடுதாசி திரும்பிவிட்டது. இதைத் திருப்ப வேண்டாம். அவர் அங்கேதான் இருக்கிறார். நானும் மகளும் கார்த்திகை பத்தாம் தேதி கப்பலில் வந்து இறங்குகிறோம். கூப்பிட ஆள் வராவிட்டால் எங்களை விடமாட்டார்கள். அஞ்சலை.’

கடிதம் எழுதுகிறவர்கள் உள்ளே புருஷனுக்கு எழுதுவார்கள், அண்ணனுக்கு எழுதுவார்கள். உறைக்கு வெளியே எனக்கு எழுதியது அந்தப் பெண்பிள்ளை ஒருத்திதான். ‘இரண்டு தடவை திரும்பிவிட்டது’ என்று படித்ததும் விலாசத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பெயர் எனக்கு நினைவு வந்துவிட்டது. முதலாவதை யார் திருப்பினார்களோ தெரியாது; புரட்டாசியில் அதே பெயருக்கு வந்த கடிதத்தின் மூலையில் நீலப் பென்சிலால் எழுதியது என் கை.

மாவு மில் சந்தில் ஒரே ஒரு மில். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பார்கள். மேல் மாடியில் பதினோரு ஆட்கள் தங்கியிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே தும்மல் வரும். அன்று போய் நின்று, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“வேலாயுதம் யாருங்க? லெட்டர் வந்திருக்கு!”

ஒருவர் மிளகாய்த் தூள் படிந்த முகத்தோடு திரும்பினார். “வேலாயுதமா? அவரு கோயில்ல மயில் மேல நிக்கிறாரே. அங்க போயி குடுங்க போஸ்ட்மேன் சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன். மூட்டைகளுக்குப் பக்கத்தில் சல்லடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். என் காக்கிச் சட்டையைப் பார்த்தார், குனிந்துகொண்டார்.

“உங்க பேரு?”

“காளிமுத்துங்க.”

“ஆமாமா, அவரு காளிமுத்து அண்ணன்தான். ஐ.சி.லயே அப்படித்தான் இருக்கு, வேணும்னா காட்டுவாரு” என்று அடையாள அட்டையைச் சொன்னார் தூள் முகத்துக்காரர்.

அன்று மாலை நான் அந்தக் கடிதத்தை ஒப்படைக்கவில்லை. தொப்பியின் உள்பட்டைக்குள் மடக்கி வைத்தேன். செல்வத்துரை பையை உதறினார், தையலைத் தடவினார், “சரி, போம்” என்றார். தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தால் என் கதை முடிந்தது என்று தெரிந்துதான் நின்றேன். வீட்டுக்கு வந்து கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

என் மனைவி தனபாக்கியம் பார்த்துவிட்டாள். “என்னங்க அது?”

சொன்னேன். உறையின் மேலிருந்த நான்கு வரியையும் படித்துக் காட்டினேன்.

“உங்களுக்கு வேலை போச்சுன்னா மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் எந்தக் கப்பல்ல ஏறுறது? நாளைக்கே கொண்டு போயி குடுத்துருங்க.”

“குடுத்தா திரும்பிடும் பாக்கியம்.”

“நீங்க ஒருத்தர்தான் அந்தத் தெருவுல ஆள் தேடுறவரா?”

ஆனால் மறுநாள் விடியற்காலையில் பூஜைக்குப் பூ வைக்கும்போது, அந்தக் கடிதத்தின் மேல் தூசு படாமல் படத்தைச் சற்று நகர்த்தி வைத்தாள்.

எட்டு நாள் தேடினேன். நகராட்சிக் கூலிகளின் லைன் வீடுகளில் கேட்டேன். மாட்டுக்கொட்டகைகளில் கேட்டேன். காதர் பாய் தம் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு என்னிடம் சொன்னார்: “ஏப்பா சுப்பையா, சின்ன வேலாயுதம் ஒருத்தன் இருந்தான், அவன் ஈப்போ போயிட்டான். கிழ வேலாயுதம் மவுத்தாயிட்டார். நடுவுல ஒரு வேலாயுதம் இல்லப்பா.” கப்பல் சரியாகப் பத்தாம் தேதி காலை வந்துவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார், அவருடைய சரக்கும் அதில்தான் வந்தது. ஒவ்வொரு மாலையும் என் பை உதறப்பட்டது. ஒவ்வொரு மாலையும் நான் பொய்யன்.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்து, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். கடிதம் மடியில் இருந்தது. அன்று முடியாவிட்டால் மறுநாள் காலையில் நானே துறைமுகத்துக்குப் போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். போய் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அம்மனிடம் முறையிடத்தான் போனேன்.

அர்ச்சனைக்கு நான்கு பேர் நின்றிருந்தார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலப் பெயர், நட்சத்திரம் கேட்டுச் சங்கல்பம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவர் தட்டை நீட்டினார். வாய்க்குள்ளேயே சொன்னார், ஆனால் நான் ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தேன்.

“வேலாயுதம். விசாக நட்சத்திரம். சம்சாரம் அஞ்சலை. மக ராசாத்தி.”

மில்லில் சல்லடையோடு குனிந்துகொண்ட அதே மனிதர்.

ஐ.சி.க்கு ஒரு பெயர், மில்லுக்கு ஒரு பெயர், போலீசுக்கு ஒரு பெயர் சொல்லலாம். அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கொண்டு எவனும் பொய்ப் பெயர் சொல்ல மாட்டான். சொன்னால் புண்ணியம் வேறு யாருக்கோ போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எட்டு நாள் நான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் சந்து சந்தாகத் திரிந்திருக்கிறேன்.

கோயிலுக்குள் நான் வாய் திறக்கவில்லை. அவர் மூன்று சுற்று வந்தார், நானும் பின்னாலேயே வந்தேன். வெளியே, பக்கச் சுவரோரம் வந்ததும் கூப்பிட்டேன்.

“வேலாயுதம் அண்ணே.”

அவர் திரும்பவில்லை. ஓடத்தான் பார்த்தார். கையைப் பிடித்தேன். வேட்டியில் இருந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லை போலும். உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

“அண்ணே, போலீஸ்ல சொல்லிடாதீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“நான் போஸ்ட்மேன் அண்ணே. போலீஸ் இல்ல.”

“அன்னைக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வந்து பேரு கேட்டீங்களே. லெட்டர்னு சொல்லிப் பிடிக்க வந்திருக்கீங்கன்னுல்ல நெனைச்சேன்.”

சுவரோரம் உட்கார்ந்து சொன்னார். காளிமுத்து என்பது அவருடைய அண்ணன். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த இடத்தில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். புதிதாக வருகிறவர்களுக்குக் கெடுபிடி அதிகமாக இருந்த காலம். அண்ணனுடைய காகிதத்தை வைத்துக்கொண்டு தம்பி கப்பல் ஏறிவிட்டார். வந்த பிறகு அந்தப் பெயரிலேயே ஐ.சி. எடுத்துவிட்டார். சொந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கிக் கொடுக்க ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். அவர் கடையை மூடிக்கொண்டு போய் இரண்டு வருஷம். அதோடு கடிதமும் நின்றது. கடிதம் நின்றதும் ஊரில் மறந்துவிட்டார்கள் என்று இவர் இருந்துவிட்டார். அவசரகாலச் சட்டம் நடந்த நேரம், ஐ.சி.யில் பொய் என்று தெரிந்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில், நான் கேட்டபோது வேலாயுதத்தை மறைத்துக் காளிமுத்து என்றார்.

கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். உறையை அவரே கிழித்தார். இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்: அவரே கிழித்தார். உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

“எனக்குப் படிப்பு வராதுண்ணே. நீங்களே படிங்க.”

படித்தேன். உறையில் இருந்ததுதான் உள்ளேயும், கொஞ்சம் நீளமாக. மகளுக்கு எட்டு வயது ஆகிவிட்டதாம். கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்று, இனித் திரும்பிப் போக இடமில்லை என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: ‘உங்களுக்கு வேறு குடும்பம் இருந்தாலும் சரி, துறைமுகத்துக்கு மட்டும் வாருங்கள்.’

அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், பட்டு வேட்டியும் கையில் தேங்காய்த் தட்டுமாகச் செல்வத்துரை.

வேலாயுதம் அவருடைய முழுக்கைச் சட்டையையும் நான் எழுந்து நின்ற விதத்தையும் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார். நான் ஒரு கையில் பிரித்த கடிதமும் மறு கையில் கிழிந்த உறையுமாக நின்றேன்.

“அந்த உறையைத் தாரும்” என்றார். கடிதம் இங்கே வந்து சேர்ந்த முத்திரைத் தேதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒன்பது நாள். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்ர மேசைக்கு வாரும்.” உறையைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கற்பூரம் காட்டும் மணிச் சத்தம் கேட்டது. எனக்கு அது கேட்டும் கேட்காததுபோல் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேலாயுதம் என் வீட்டு வாசலில் நின்றார். காதர் பாய் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். சிக்கல் இன்னும் தீரவில்லை. அஞ்சலையின் காகிதத்தில் புருஷன் பெயர் வேலாயுதம். இவர் ஐ.சி.யில் காளிமுத்து. இவர் போய், ‘என் பெண்டாட்டி’ என்று சொன்னால் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வார்கள்.

தனபாக்கியம் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“நான் போறேன். அவ என் தங்கச்சின்னு சொல்றேன். நீங்க நம்ம வீட்டு விலாசத்தை எழுதி, நாங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“பாக்கியம், அது பொய்.”

“நீங்க ஒம்போது நாளா ஒளிச்சு வச்சிருந்தது மட்டும் அரிச்சந்திர புராணமா?”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பொய்தான். இதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சாமியிடம் கணக்குச் சொல்லும் நாளில் இதையும் சொல்வேன். அவர் முன்னால் தலைகுனிந்து சொல்வேன். மற்ற எவர் முன்னாலும் குனிய மாட்டேன்.

மறுநாள் எட்டு மணி. என் மனைவி தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் பஸ் ஏறியிருப்பாள். நான் செல்வத்துரை மேசைக்கு முன்னால் நின்றேன். மூன்று பென்சில்கள், ஓர் உறை.

“இது எப்ப உம்மட கைக்கு வந்தது?”

“ஒன்பது நாளைக்கு முந்தி, சார்.”

“ஏன் திருப்பித் தரேல்லை?”

“திருப்ப வேண்டாம்னு எழுதியிருந்தது, சார்.”

“இலாகா உமக்குச் சம்பளம் தருதோ, இந்தப் பொம்பிளை தாறாவோ?” குரல் உயரவில்லை. “ஆர் பிரிச்சது?”

“யாருக்கு எழுதுனாங்களோ அவரே.”

“சரி. உம்மை எனக்குப் பதினொரு வருஷமாத் தெரியும். நீர் பிரிச்சிருக்க மாட்டீர் எண்டுதான் நானும் நினைக்கிறன். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும். நான்தான் பிரிச்சனான் எண்டு ஒரு கையெழுத்தும் ஐ.சி. நம்பரும் தரட்டும். பிந்திக் குடுத்ததுக்கு ஒரு எச்சரிக்கையோட நான் முடிச்சு விடுறன்.”

நியாயமாகத்தான் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் ஐ.சி. நம்பர் கொடுத்தால் காளிமுத்து என்ற பெயர் வெளியே வந்துவிடும். மூன்று பிள்ளைகளின் முகமும் வந்து போயிற்று. துறைமுகத்தில் நிற்கும் ஒரு பெண்ணும், நான் பார்த்திராத எட்டு வயதுப் பிள்ளையும் வந்து நின்றார்கள்.

“ஏன் பேசாமல் நிக்கிறீர்? அந்த ஆள் ஆர்? எங்க இருக்கிறார்?”

“அன்னோன், சார்.”

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நேற்று அவரோட கதைச்சுக்கொண்டிருந்ததை நான் என்ர கண்ணால பார்த்தனான்.”

“ஆமாம், சார். அன்னோன்.”

“உமக்கு விசர் பிடிச்சிட்டுதோ? இந்தப் பதிலோட உம்மட சேவை முடியலாம் எண்டு தெரியுமோ?”

“தெரியும், சார். நீங்க குடுத்த வார்த்தைதான். ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கேன், ஒரு தடவைகூட நீங்க ஏன்னு கேட்டதில்ல. அத்தனையும் ஆள் இருந்தும் எழுதுனது. இது ஒண்ணுதான் ஒரு ஆளைக் காப்பாத்துறதுக்குச் சொல்றேன்.”

ஒரு மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். குரல் ஆடவில்லை, அது அம்மன் கொடுத்தது.

அவர் மேலிடத்துக்கு எழுதினார். எனக்கு மேலே இரண்டு அதிகாரிகள் விசாரித்தார்கள். பிரித்ததற்குச் சாட்சி இல்லை, பெற்றுக்கொண்டவரும் இல்லை. வேலை தப்பியது. கடிதத்தைப் பிரித்ததாகச் சந்தேகம் என்று என் பதிவேட்டில் எழுதினார்கள். பதவி உயர்வின் கதவு அன்றோடு மூடியது. சிராங்கூன் ரோட்டிலிருந்து என்னை எடுத்து, வடக்கே உட்லண்ட்ஸ், மார்சிலிங் பக்கத்துக்கு, ரப்பர்த் தோட்டத்துக்கும் கம்பம் என்கிற கிராமங்களுக்கும் சைக்கிள் மிதிக்க அனுப்பினார்கள். செல்வத்துரை அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் எதிரே வந்தால் அம்மனைப் பார்த்துக்கொண்டு போவார். அவருடைய சட்டத்தை நான் உடைத்தேன். அவர் அதை மறக்கவில்லை. அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

செல்வத்துரை மேசையிலிருந்து அன்று பகல் வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் தனபாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு மெலிந்த பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறுமி என் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். வேலாயுதம் வாசலில் நின்று அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்; உள்ளே வரக் கூச்சம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்ததாம்.

“எப்படி விட்டாங்க?” என்று கேட்டேன்.

“அஞ்சலைன்னு கூப்பிட்டேன்” என்றாள் என் மனைவி. “முன்ன பின்ன பார்த்ததே இல்ல. அவ ஒரு செகண்டு என்னைப் பார்த்தா. அப்புறம் ‘அக்கா’ன்னு ஓடி வந்து கட்டிக்கிட்டா பாருங்க, நான் பயந்து அழுதுட்டேன், அவளும் அழுதுட்டா. அந்த ஆபீசரு போங்க போங்கன்னு கையைக் காட்டிட்டாரு.”

அஞ்சலை எழுந்து வந்து என் காலில் விழப் போனாள். தடுத்துவிட்டேன். அவளுடைய முந்தைய கடிதத்தைத் திருப்பியவனும் நான்தான் என்று அன்றே சொன்னேன். சொல்லாமல் சோறு இறங்கியிருக்காது. “அதனாலென்ன அண்ணே, மூணாவதுக்கு நீங்கதானே” என்றாள். அது அவளுடைய பெருந்தன்மை. புரட்டாசிக் கடிதம் என் கணக்கில்தான் நிற்கிறது.

வடக்கே பத்து வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தேன். எழுபதுகளில் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போய் அடுக்குமாடிகள் எழத் தொடங்கும்வரை அந்த மண் பாதைகள்தான். அந்த வார்த்தையை எழுதும் முன் மூன்று இடத்தில் கேட்பேன். காக்கிச் சட்டையில் போய்ப் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டேன். எந்த ஊர், எந்தக் கோயிலுக்குக் காணிக்கை போடுவீர்கள் என்று கேட்பேன். மலாய்க் கம்பத்தில் அவர்கள் தொழும் சூராவில் கேட்பேன். அப்படியும் கிடைக்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு தடவையும், தெரியாதது எனக்குத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுதினேன்.

வேலாயுதம் காளிமுத்துவாகவே வேலை செய்தார், காளிமுத்துவாகவே ஓய்வு பெற்றார். பொங்கல் தவறாமல் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். போன வருஷம் பத்திரிகை அறிவிப்பில் ராசாத்தி முதலில் வேலாயுதம் என்றும், அதன் கீழே காளிமுத்து என்றும் போட்டாள். மில்லின் பழைய ஆட்கள் இரண்டு பேர் வந்து, வேலாயுதம் யார் என்று வாசலில் என்னைக் கேட்டார்கள்.

இனி நீங்கள் இதை யாரிடமாவது சொன்னால், நான் எழுதியிருப்பதுபோலவே சொல்லுங்கள். என்னைக் கடிதம் பிரித்த வீரனாக்க வேண்டாம். செல்வத்துரையை அழ வைக்க வேண்டாம். அவரைக் கொடியவராக்கவும் வேண்டாம். ஒன்பது நாள் மறைத்து வைத்ததை விட்டுவிட வேண்டாம். என் மனைவி சொன்ன பொய்யையும், நான் திருப்பிய கடிதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். பதிவேட்டில் என்னைப் பற்றி எழுதிய சந்தேகம் இன்னும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். அதைத் திருத்தச் சொல்லி நான் இன்றுவரை யாரிடமும் மனுப் போட்டதில்லை, போடவும் மாட்டேன். அது அப்படியே கிடக்கட்டும். இதையும் அப்படியே கொடுங்கள்.